ஜிம்பு யார் சொன்ன வார்த்தை

6.6.99 ஞாயிறு
வெயில் மண்டையைப் பிளக்கிறது. தறிக்கு லீவு. இட்லிக்கு ஊறவைக்க மறந்தாச்சு.
மகள் சுகந்தி காலையிலிருந்து டிவி முன்னால். கார்ட்டூனில் ஜிம்பு என்று ஒரு புழு. தலையில் கிரீடம். உலகத்தையே அழிக்கப்போவதாகக் கத்திக்கொண்டு வரும், கடைசியில் ஒரு இலைகூடக் கிழியாது. பிள்ளையைவிட நான்தான் அதிகம் சிரித்தேன்.

7, திங்கள்
தறியின் பாவு நூலில் ஓர் இழை அறுந்தது. இவர் சாம்பல் தொட்டு முறுக்கி ஒட்டினார். கடுகளவு தடிப்பு. முதலாளி கண்ணில் படுமோ என்று அதையே தடவிக்கொண்டிருந்தார்.
"ஜிம்புங்க அது, வுடுங்க."
புரியவில்லை. புழுக் கதையைச் சொன்னேன். தறிக்குழிக்குள் காலை உதைத்துக்கொண்டு சிரித்தார். கல்யாணமான நாளாக என் பேச்சுக்கு இந்த மனுஷன் இப்படிச் சிரித்ததில்லை.
அப்புறம் வீட்டில் அதே பேச்சு. குழம்பில் உப்பு கம்மி, ஜிம்பு. கொசுக்கடி, ஜிம்பு. எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்.

19, சனி
ரேஷன் கடை. வரிசையில் முன்னால் இரண்டு பெண்கள்.
"கால மிதிச்சிட்டு பேசாம நிக்கிற?"
"ஜிம்புக்கெல்லாம் இன்னாக்கா சண்ட?"
தூக்கிவாரிப் போட்டது. எங்கே பிடித்தாய் இந்த வார்த்தையை என்றேன்.
"கோமளாக்கா சொல்றது. எப்பவும் தமாஷ் பண்ணிகினு இருக்கும்."
கோமளா. எங்கள் கொட்டகையில் அடுத்த தறி. அவள் வீட்டில் டிவியே கிடையாது.
மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டதாம். வெறும் கேனோடு திரும்பினேன்.

22, செவ்வாய்
மேகமூட்டம். முதுகு வலி.
முதலாளி வந்தார். சேலையை விரித்துத் தடவிப் பார்த்தார். "ஜிம்புதான், போவட்டும்." கோமளா பக்கம் திரும்பி, "உன் வார்த்த ஆரணி பூரா ஓடிகினு இருக்குதும்மா."
அவள் வெட்கப்படுகிற மாதிரி குனிந்தாள். மறுக்கவில்லை. இவரும் சிரித்துக்கொண்டு நின்றார். என் பெண்டாட்டி சொன்னது என்று ஒரு வார்த்தை? ம்ஹூம்.
பொறாமையா? ஆமாம். மத்தியானம் நான் தண்ணி பிடிக்கப் போகிற நேரத்தில்தான் இவர் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். எனக்குச் சிரித்த சிரிப்பை அங்கே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்.

24, வியாழன்
சாப்பிடும்போது கேட்டே விட்டேன்.
"அவகிட்ட நீங்கதான சொன்னீங்க? நான் சொன்னதுன்னு சொன்னீங்களா?"
ரசத்தை உறிஞ்சிக்கொண்டே யோசித்தார். "நீயா சொன்ன? அவ சொன்னதாத்தான் ஞாபகம்."
"குழியில கால ஒதச்சி சிரிச்சீங்களே."
"சரி வுடுமே. ஒரு ஜிம்பு விஷயம். இதுக்குப் போய் மூஞ்சத் தூக்கிகினு."
பாத்திரம் கழுவினேன். சத்தமாகவே கழுவினேன்.

25, வெள்ளி
சேலையின் கரைப்பக்கம் நூல் ஓட்டுகிற நாடா என்னுடையது. உடல் பக்கம் இவர் போட்டதும் நான் கரை நூலைக் கோத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் சேராது, நடுவில் பிளவு விடும்.
இன்று கோக்கவில்லை. தெரிந்துதான். ஒரு விரல் நீளத்துக்கு.
"இன்னாமே இது! ஒடம்பு வேற, கர வேற நிக்குது!"
"ஜிம்புங்க அது." கொட்டகைக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்.
கோமளாவின் தறி நின்றது. இவர் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். குனிந்து ஒவ்வோர் இழையாகப் பிரிக்க ஆரம்பித்தார். நானும்.
விளக்கு போடும் நேரம் மெதுவாகச் சொன்னார்: "சாம்பல் தொட்டுகினு இருந்தேன். அப்பதான சொன்ன, நீ."
அடுத்த இழையைப் பிரித்தேன். இன்னும் நாலு இழை பாக்கி இருந்தது.