வெள்ளிக்கிழமைகளில் அப்பா நடந்த தூரம்

பென்டில் ஹில்
11.08.2025

அன்பு மகள் தாரகாவுக்கு,

நாங்கள் சுகம், உன் சுகத்துக்கு ஆண்டவனை வேண்டுகிறேன் என்று தொடங்குவதுதான் முறை. உன் சுகம் நீ போடுகிற படங்களில் தெரிகிறது, போன கிழமை கூட எடின்பரோவில் ஏதோ குன்றின் மேல் சிவப்புத் தொப்பியோடு நின்றாய், முகம் கொஞ்சம் ஊதியிருக்கிறது, உப்பைக் குறை. எங்கள் சுகம் உனக்குப் போனில் எண்ணாக வருகிறது. ஆகையால் இரண்டு பக்கமும் கேட்பதற்கு ஒன்றுமில்லை. கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். போனில் சொன்னால் நாலாவது வசனத்தில் நீ இங்கிலீசுக்குத் தாவிவிடுவாய், நான் வாயை மூடிக்கொள்வேன். சனிக்கிழமை சனிக்கிழமையாக வென்ட்வேர்த்வில் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனது இந்த ஒரு கடிதத்தை நீ வாசிக்கத்தான் என்று வைத்துக்கொள். எழுத்துக் கூட்டியாவது முழுக்க வாசி, பாதியில் மடித்து வைக்காதே.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா நடக்கவில்லை. மார்ச் மாதம் பத்தாம் திகதிக்குப் பிறகு உன் அப்பா ஒரு நாளும் நடக்கவில்லை. உனக்கு வந்த காலடிக் கணக்கெல்லாம் என்னுடைய கால்கள் நடந்தது.

ஜனவரியில் பொங்கலுக்கு நாலு நாள் இருக்க அவருக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்தபோது நீ பறந்து வந்தாய், இல்லையென்று சொல்லவில்லை. பத்து நாள் நின்றாய். அதில் ஒன்பது நாள் கொம்பியூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்குப் பாடம் எடுத்தாய். முதல் ஆறு மாதம்தான் அம்மா முக்கியம், அதுக்குள்ளை நடக்க நடக்கத்தான் கால் திரும்பி வரும், படுக்க விட்டால் எல்லாம் போயிடும் என்றாய். நீ முந்திப் படித்த இடத்தில் உன் சிநேகிதி மிருணாளினி நடத்துகிற ஆராய்ச்சியில் அவருடைய பெயரைக் கொடுத்தாய், பாரிசவாதம் வந்தவர்களை வீட்டிலேயே நடக்க வைத்துப் பார்க்கிற நாற்பது வீட்டில் எங்கள் வீடும் ஒன்று என்று உனக்குப் பெரிய சந்தோஷம். அவருடைய இடது கையில் அந்தக் கறுப்பு மணிக்கூட்டைக் கட்டினாய். எத்தனை காலடி வைக்கிறார் என்று அது எண்ணி அவர்களுக்கும் அனுப்பும், உன்னுடைய போனுக்கும் அனுப்பும் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினாய். முக்கியமான ஆறு மாதத்தில் உன்னுடைய பங்கு பத்து நாள், மிச்சம் முழுக்க என்னுடையது.

நீ போன பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் நெஸ்டமோல்ட் சத்துமாப் பேணியோடு வந்து ஒரே கதையைத்தான் சொன்னார்கள். பாவம், மனிசனைப் போட்டு வருத்தாதையுங்கோ, கிடக்க விடுங்கோ என்றார்கள். நம்மட ஆட்களுக்கு நோயாளி என்றால் கட்டிலில் கிடக்க வேண்டும், வாயில் கரண்டி வைக்க வேண்டும், அவர் எழும்பி நின்றால் மனைவி சரியாகப் பார்க்கவில்லை என்று பேச்சு வரும். முதியோர் இல்லத்தில் பதினெட்டு வருசம் வேலை செய்தவள் நான். இடுப்பு முறிந்த வெள்ளைக்காரக் கிழவிகளை மூன்றாம் நாளே எழுப்பி நிற்க வைத்த கை இது, அவர்கள் என்னைத் திட்டத் திட்ட நிற்க வைத்தேன். நடக்க வைக்க வேண்டும் என்று தெரியாமல்தான் பிறகு அவரைக் கிடக்க விட்டேன் என்று மட்டும் நினைக்காதே. உன் அப்பாவை நிற்க வைத்தால் அவர் அழுதார். நாற்பத்திரண்டு வருசத்தில் நான் அவர் அழுது பார்த்ததில்லை, ஊரைவிட்டு வெளிக்கிட்ட அன்றும் அவர் அழவில்லை. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஆனாலும் பெப்ரவரி முழுக்க நடந்தார். படுக்கை அறையிலிருந்து குசினி வரைக்கும் வோக்கரைப் பிடித்துக்கொண்டு ஒரு நாளைக்கு எட்டுத் தரம். உனக்கு முன்னூறு, நானூறு என்று எண் போகும், நீ பின்னேரம் ஆறு மணிக்கு எடுத்து இன்னும் கூட்டவேண்டும் அம்மா, இது போதாது என்பாய். உன் மனதைக் குளிர்விக்க வேண்டும் என்றுதான் அந்த மனிசன் மார்ச் பத்தாம் திகதி நான் சொதியை இறக்கிவிட்டு வருகிறேன், பொறுங்கோ என்று சொல்லியும் கேளாமல் தனியாக எழும்பினார். குளியலறை வாசலில் விழுந்தார். புருவம் வெடித்தது. பக்கத்து வீட்டுச் சந்திரவதனா அன்ரியை நான் கத்திக் கூப்பிட்டு, இரண்டு கிழவிகளும் கட்டில் விரிப்பைப் போட்டு அவரை இழுத்து, கதிரையில் ஏற்ற முக்கால் மணித்தியாலம் போனது. பிள்ளைக்குச் சொல்லாதை, பயந்திடுவாள் என்றுதான் அவர் முதலில் சொன்னார். அடுத்த நாள் திரும்பவும் வோக்கரைக் கேட்டார். நான் அதை மடித்து கராஜுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டேன். மூன்று நாள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டார், தவம், அதைக் கொண்டாவன், மெல்ல மெல்ல நடக்கிறன் என்று கேட்டார். நாலாம் நாள் கேட்கவில்லை.

இன்னொன்றும் எழுதுகிறேன், இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷமும் இருந்தது. ரெயின் ஸ்ரேசனுக்கென்றாலும் கோயிலுக்கென்றாலும் இவ்வளவு காலமும் அவர் முன்னால் கையை வீசிக்கொண்டு போவார், நான் பைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடுவேன், ஒரு நாள் திரும்பிப் பார்த்தது கிடையாது. இப்போது தண்ணீருக்கும் தவம், திரும்பிப் படுக்கவும் தவம். இனி எங்கே போவார் என்று நினைத்தேன். நினைத்ததை நினைத்தேன் என்றுதான் எழுதுகிறேன்.

மணிக்கூடு கதை இதுதான். அவர் விழுந்த மறுநாள் எண் பூச்சியமாய் நின்றது, நீ மூன்று தரம் கோல் எடுத்து ஏன் நடக்கவில்லை, ஏன் நடக்கவில்லை என்று என்னைக் குதறினாய். உன் வாயை அடைக்கத்தான் அதைக் கழற்றி என் கையில் கட்டிக்கொண்டு குசினிக்கும் கொல்லைக்கும் நடந்தேன். அன்று பின்னேரம் அப்பா எண்ணூறு நடந்திட்டார் என்று நீ அழுதாய். பிறகு எப்படிக் கழற்றுவது. நான் கூட்டினேன், துடைத்தேன், கடைக்குப் போனேன், எண் ஏறியது. எண் ஏற ஏற உன் கோல் குறைந்தது. முதலில் ஒவ்வொரு நாளும் கதைத்தாய், பிறகு ஞாயிறு மட்டும், பிறகு போனில் பெருவிரல் படம் ஒன்று. அப்பா நடந்து காட்டுங்கோ என்று ஒரே ஒரு தரம் கேட்டாய், இப்பதான் மூவாயிரம் நடந்து களைச்சுப்போனார் என்றேன், நம்பிவிட்டாய். ஆராய்ச்சிக்காரர் கால் பயிற்சிக்கு வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த பிசியோ வந்தால், நடந்து களைத்துத் தூங்குகிறார் என்று வாசலோடு திருப்பி அனுப்புவேன். நல்லாய்ப் போகிறது என்று ஏப்ரலில் அந்தப் பிசியோவையும் நிறுத்தி, இன்னும் தேவைப்பட்ட வேறொரு வீட்டுக்கு அனுப்பினார்கள். சந்திரவதனா அன்ரியின் மகள் மெல்பேர்னிலிருந்து ஒன்பது மணித்தியாலம் கார் ஓடி இரண்டு கிழமைக்கொருக்கால் வருகிறாள், தாய்க்கு ஒரு வருத்தமும் இல்லை, சும்மா வருகிறாள். உனக்கு எண் நன்றாக இருந்தது, கிறிஸ்மசுக்கு வாறன் என்றாய்.

அந்த வெள்ளிக்கிழமைக் கதையும் இருக்கிறதே. அப்பாவுக்கு வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஆறாயிரம் வருகிறது, ஏன் தெரியுமா அம்மா, அவருக்குப் பக்தி நாள், மனசில் உற்சாகம் வருகுது, நம்பிக்கை உள்ள ஆட்களுக்குக் கால் கெதியாய்த் திரும்புது என்று நீயே ஒரு கொள்கை கண்டுபிடித்தாய். அடுத்த மாதம் பன்னிரண்டாம் திகதி கொப்பன்ஹேகனில் மகாநாட்டு மேடையில் ஏறி அதைச் சொல்லப் போகிறாய், அப்பாவின் படத்தையும் அந்தக் கோடு போட்ட படத்தையும் காட்டப் போகிறாய், அதற்குச் சம்மதப் பத்திரம் அனுப்பி அவரிடம் இடது கையால் கையெழுத்தும் வாங்கினாய். மகளே, வெள்ளிக்கிழமை நான் முருகன் கோயிலுக்குப் போய் வீதி சுற்றுகிறேன். மே மாதம் எட்டாயிரம் ஏறி நிற்குமே ஒரு நாள், அது ஹரிஸ் பார்க்கில் சட்டை தைக்கக் கொடுக்கப் போன நாள். ஜூனில் நாலு நாள் பள்ளமாய்க் கிடக்கும், அப்பாவுக்கு மனச்சோர்வு என்று நீ எழுதினாய். எனக்கு முழங்கால் வீக்கம். அந்தக் கோட்டில் உன் அப்பா ஒரு இடத்திலும் இல்லை.

ஜூலை இருபத்தொன்பதாம் திகதி ஆறு மாதச் சோதனைக்கு மிருணாளினி தானே நேரில் வந்தாள், அளவு நாடாவும் கையுமாக, வாயெல்லாம் பல்லாக. குணரத்தினம் அங்கிள் எழும்புங்கோ என்றாள். அவர் எழும்பவில்லை. பாதம் உள்பக்கம் திரும்பி இறுகிப் போயிருந்தது. அவள் கையிலிருந்த கணக்கைப் பார்த்தாள், அதில் நேற்று நாலாயிரத்துச் சொச்சம் என்று இருந்தது. என்னைப் பார்த்தாள். அப்போது சொல்லியிருக்கலாம். நான் அவர் முன்னாலேயே நேற்று நல்லாய் நடந்தவர், இண்டைக்கு நடிக்கிறார் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். மிருணாளினியின் முகம் வெளிறிவிட்டது, நேற்று நடந்தவர் இன்று நிற்க முடியவில்லை என்றால் புதிதாக இன்னொரு வாதம் வந்துவிட்டது என்று அம்புலன்சைக் கூப்பிட்டாள். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்து ஊசி குத்திக் குத்தி இல்லாத ஒன்றைத் தேடினார்கள். மூளையைப் படம் எடுக்கிற அந்தக் குழாய் மெசினுக்குள் விட்டார்கள். ஷெல்லடிக்குப் பயந்து பங்கருக்குள் இரண்டு நாள் பிணத்தோடு கிடந்த மனிசன் அவர், லிப்டில் கூட ஏறமாட்டார் என்பது உனக்குத் தெரியும். கதவுக்கு வெளியே இருந்த எனக்கு அவர் கத்துவது கேட்டது. பிறகு மருந்து கொடுத்து மயக்கினார்கள். டொக்டர் மூன்று தரம் கேட்டார், முதல் நாள் உண்மையாய் நடந்தீங்களா என்று. மூன்று தரமும் அவர் ஓம், நடந்தனான் என்றார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்த அன்று பின்னேரம் நான் மணிக்கூட்டைக் கழற்றி வைக்கிறபோது, தவம், இண்டைக்கு எவ்வளவு நடந்தனான் என்று கேட்டார். வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவர் என்னை எத்தனையோ பேசியிருக்கிறார், ஒன்றும் இப்படி அடியாக விழவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கேட்கிறார். எண்ணைச் சொல்லும் வரைக்கும் சாப்பிட வாய் திறக்கிறார் இல்லை. நீ என்ன செய்தாய், புதிய வாதம் இல்லை, நல்ல செய்தி அம்மா, சோம்பல்தான், கொஞ்சம் தள்ளி விடுங்கோ என்று எழுதினாய்.

போன திங்கட்கிழமை அதை என் கையிலிருந்து கழற்றி அவருடைய கையில் கட்டினேன், நீ கட்டின அதே இடது கையில். கராஜிலிருந்து வோக்கரையும் எடுத்துக் கழுவிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை, பாதம் இப்போது தரையில் படியாது. அன்று எவ்வளவு நடந்தனான் என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். தலையை ஆட்டினார், அன்றைக்கு இரண்டு நீத்துப்பெட்டிப் புட்டு சாப்பிட்டார். ஏழு நாளாக உனக்குப் பூச்சியம் வருகிறது. எத்தனையாவது பூச்சியத்தில் நீ கோல் எடுப்பாய் என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்றுத்தான் ஒரு வரி வந்தது, மணிக்கூட்டுக்குச் சார்ஜ் போட்டீங்களா அம்மா என்று.

மிருணாளினிக்கு நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். நீ சொல். நாற்பது வீட்டில் ஒரு வீட்டை உன் தாய் பழுதாக்கினாள் என்று உன் வாயாலேயே சொல். அந்தப் படத்தை மேடையில் காட்டுவதும் விடுவதும் உன் பாடு, ஆனால் அதைப் பார்த்துவிட்டு எங்கேயோ ஒரு வீட்டில் பிசியோவை நிறுத்தினால் அந்த வீட்டு மனிசனும் உன் கணக்கில்தான். நான் செய்தது பாவம், அதற்கு எனக்கு விழுகிறது, ஒவ்வொரு பின்னேரமும் விழுகிறது. உனக்கு விழ வேண்டாமா என்று கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை, நீயும் கேட்டு எழுதாதே, அதை வாசிக்க வேண்டியவர் அவர், அவருக்கு இப்போது எழுத்து வாசித்தால் தலை சுத்துகிறது.

குளிருக்குக் காலுறை இரண்டு போடு. வெறும் வயிற்றில் கோப்பி குடிக்காதே. குன்று ஏறுகிறபோது பார்த்துக் கால் வை. முருகன் உன்னை நோய் நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், நாளைக்கு உன்னைப் பார்க்கிறவர்கள் உன் முகத்தைப் பார்த்துச் சுகம் கேட்கிறவர்களாக இருக்கட்டும். அப்பாவின் ஆசீர்வாதமும் இதில் இருக்கிறது, நான் எழுதுவது அவருக்குத் தெரியும், எழுது என்றுதான் சொன்னார்.

மறக்க முதல், நீ கேட்டதற்குப் பதில். சார்ஜ் நிறைய இருக்கிறது. மணிக்கூடு சரியாகத்தான் வேலை செய்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா
கு. தவநாயகி