ஏழெட்டு ஐம்பத்திநாலு

பெங்களூர்

அன்புள்ள கணவர் அவர்களுக்கு, சுதா வணங்கி எழுதுவது. நான் நலம். உங்கள் முட்டிவலி தேவலையா?

என் பழைய மாணவன் வினோத்குமாரின் வீடியோ கம்பெனியை மூடுகிறார்கள். பயப்படாதீர்கள். ரிட்டயர்டான என்னைக் கூப்பிட்டு நேரலையில் கணக்கு நடத்தவைத்து, ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் பார்ப்பதாகச் சொன்னானே, அதுதான்.

பிள்ளைகள் கவனிக்கிறார்களா என்று பார்க்க, நம் மாகறல் பள்ளியில் வேண்டுமென்றே தப்பாக எழுதுவேன். அந்தப் பிள்ளைகள் கூரை பிய்ந்துபோகக் கத்துவார்கள். போன வாரம் இங்கேயும் ஏழெட்டு ஐம்பத்திநாலு என்று எழுதினேன். ஒரு பிள்ளையும் தப்பென்று சொல்லவில்லை. திரை முழுக்க இதயமாகப் பறந்தது.

“இன்னாப்பா, ஒருத்தரும் கத்தலயே?” என்று வினோத்குமாரிடம் கேட்டேன்.

“பேஜார் பண்ணாதீங்க டீச்சர். பாதிக்கு மேல கம்ப்யூட்டர் வுடற இதயம். கூட்டம் கீதுன்னு காட்னாதான் முதல் போடறவன் வருவான்.”

முதல் போட வந்தவர்களும் அதைக் கண்டுபிடித்துப் போய்விட்டார்கள். இல்லாத பிள்ளைகளுக்குத் தொண்டை வறளப் பாடம் எடுத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை வருகிறேன். பெட்டி கனம், உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். தினமும் உங்கள் பெயரிலும் ஓர் இதயம் வரும். அந்தத் தப்புக் கணக்குக்கும் வந்தது. அது நீங்கள் அழுத்தியதுதானா?

அவசரத்தில்,
சுதா