கழற்றாமல் விட்ட டெர்மினேட்டர்

6.10.1997, திங்கள்
மெஷினில் இடம் தீர்ந்துவிட்டது. விழிஞ்ஞம் துறைமுகத்து மீன் கணக்கையெல்லாம் ஆறு வருஷமாக விழுங்கிய எங்கள் ஆபீஸ் யூனிக்ஸ் பெட்டி, இன்று ஒரு வரிகூட ஏற்க மறுக்கிறது. புதிய கன்ட்ரோலர் கார்டும் இரண்டு ஹார்ட் டிஸ்கும் வந்திருக்கின்றன. கம்பெனி இன்ஜினீயர் வரமாட்டாராம்; சென்னையிலிருந்து போனில் சொல்வார்களாம், நான் மாட்ட வேண்டுமாம். ஐம்பது வயதில் ஸ்க்ரூ டிரைவர். நல்ல கூத்து!

7.10.97
போனில் வந்தது ஜெஸ்லின் என்றொரு பெண். நாகர்கோவில்காரி. இங்கிலீஷில் ஆரம்பித்தவள், என் உச்சரிப்பைக் கேட்டதும் தமிழுக்கு வந்துவிட்டாள். "பயப்படாதீங்கக்கா, நாம பாத்துக்கிடலாம்."

கார்டைச் செருகி, இரண்டு டிஸ்கையும் ஒரே கேபிளில் கோத்தேன். இரண்டாவது டிஸ்க் ஒரு தடவை தெரிகிறது, மறு தடவை காணோம்.

"மொத டிஸ்க்ல டெர்மினேட்டரக் கழட்டியாச்சாக்கா? கேபிள் இங்க முடியுதுன்னு காட்டுற துண்டு அது, கடைசி டிஸ்க்ல மட்டுந்தான் இருக்கணும்."

ஆச்சு என்றேன். பார்க்காமலே சொன்னேன். எனக்குத் தெரியாதா என்ன என்ற மிதப்பு.

9.10.97
ஒவ்வொரு மாற்றத்துக்கும் மெஷினை அணைத்து எழுப்ப வேண்டியிருக்கிறது. கிழம், எழுந்து வர ஒரு யுகம் ஆகிறது. அதுவரை பேசுகிறோம். ஹாஸ்டல் சாம்பாரை அவள் வைதாள், சிரித்தேன். அண்ணா குடும்பம் பூனாவுக்குப் போய்விட்டதை, கோயிலைச் சுற்றிய கோட்டைக்குள் அவ்வளவு பெரிய வீட்டில் நான் மட்டும் இருப்பதைச் சொன்னேன். யாரிடமும் சொன்னதில்லை. ஆபீஸில் எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் யார் கேட்டார்கள்?

10.10.97, வெள்ளி
இன்று மூடியைத் திறந்து சரியாகப் பார்த்தேன். முதல் டிஸ்கில் டெர்மினேட்டர் அப்படியே இருக்கிறது. சீப்புத் துண்டு மாதிரி மூன்று. பிடுங்கிப் போட ஒரு நிமிஷம் ஆகாது.

அப்போது பார்த்து போன்.

"ஏதாச்சும் தெரிஞ்சுதாக்கா?"

"ஒண்ணும் தெரியலையேடி" என்றேன்.

மூடியைத் திரும்பப் பூட்டினேன். ஏன் இப்படிச் செய்தேன்? சரியாகிவிட்டால் அவள் எதற்குக் கூப்பிடுவாள்? வேறு காரணமே இல்லை.

12.10.97
ஞாயிறு. யாரோடும் பேசவில்லை.

14.10.97
கேபிளை மாற்றச் சொன்னாள், மாற்றினேன். டிஸ்க் எண்ணை மாற்றச் சொன்னாள், மாற்றினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பாவம், அவள் ராத்திரியெல்லாம் மேனுவல் படித்தாளாம். விழிஞ்ஞத்திலிருந்து வந்த தாள்கள் மேஜையில் குவிகின்றன.

15.10.97
எங்கள் ஆபீஸர் சசிதரன் சார் வந்து நின்றார். "எந்தா விஜயம், இத்ர தாமசம்? ஆ குட்டிக்கு ஒந்நும் அறிஞ்ஞூடா!" ஏன் இத்தனை தாமதம் என்று என்னைக் கேட்டவர், அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, வேறு ஆளைப் போடுங்கள் என்று கம்பெனிக்கு ஃபாக்ஸே அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் போனில் ஜெஸ்லின் குரலே இறங்கிக் கிடந்தது. "இன்னும் எனக்கு வேலை பெர்மனென்ட் ஆகலக்கா. எங்க தப்பாச் சொன்னேன்னே தெரியல."

அடிப்பாவி விஜயம்! உன் பேச்சுத் துணைக்கு ஒரு பெண்ணின் சோற்றிலா மண்ணள்ளிப் போடுவாய்?

16.10.97
காலையில் முதல் வேலையாக அந்த மூன்றையும் பிடுங்கினேன். இரண்டு டிஸ்கும் வந்தன. சசிதரன் சாரிடம் போய், தப்பு என்னுடையது, அந்தப் பெண் முதல் நாளே சரியாகச் சொன்னாள் என்றேன்.

"எப்போழாணு கண்டது?" எப்போது பார்த்தாய் என்று கேட்டார்.

"வெள்ளிக்கிழமை."

உடனே முந்தைய ஃபாக்ஸை ரத்து செய்து இன்னொன்று அனுப்பினார்.

ஜெஸ்லினிடமும் மறைக்கவில்லை.

"வெள்ளிக்கிழமையேவா? அப்பறம் ஏங்க்கா?"

"உன்னோட பேசிண்டிருக்கணும் போல இருந்தது."

"சரி, கம்ப்ளைன்ட்ட முடிச்சிருதேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

3.11.97
மழை. டிஸ்கில் பாதிக்கு மேல் காலி.

20.1.1998, செவ்வாய்
வருஷாந்திர சர்வீஸுக்கு ஆள் வந்தது. ஜெஸ்லின்! நான் நினைத்ததைவிடச் சின்னப் பெண். கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி. நான் சொன்ன எதையும் அவள் எழுதிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு மூடியையும் திறந்து தானே பார்த்தாள். குற்றம் சொல்ல முடியாது, வேலை அத்தனை சுத்தம்.

"ஆத்துக்கு வந்து ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போயேன், பக்கந்தான்" என்றேன்.

"இல்ல மேடம், நாகர்கோவில் பஸ் பிடிக்கணும்."

வேலை பெர்மனென்ட் ஆகிவிட்டதாம். சசிதரன் சாரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், அடுத்த அறையில் இருந்த என் காதில் விழுந்தது.