அல்சேஷனா, ஜெர்மன் ஷெப்பர்டா

ஜூலை 4, சனி

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. வாங்க வேண்டியது: பின்கதவுக்குப் பெரிய தாழ்ப்பாள், டார்ச் பேட்டரி, கடுகு.

போன மாதம் இவர் நைட் ஷிப்டில் இருந்தபோது எவனோ பின்கதவுத் தாழ்ப்பாளை நெம்பிவிட்டுப் போனான். உள்ளே நான் தனியாக, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு. அன்றிலிருந்து பாத்திரம் விழுந்தாலும் ஓடிப்போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறேன். பொம்மனஹள்ளியில் இந்தக் கடைசித் தெருவில் எங்கள் வீட்டையும் ஜெயம்மா வீட்டையும் விட்டால் வெறும் காலி சைட்டுகள். இப்போதைக்கு இவருக்குப் பகல் ஷிப்ட். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டால் மழுப்பல்.

நாய் வாங்குகிறோம். பெரிய ஜாதி, காவல் நாய். அல்சேஷனா, ஜெர்மன் ஷெப்பர்டா என்று இவர் யோசிக்கிறார். யோசிக்கட்டும்.

ஜூலை 8, புதன்

இன்னும் யோசிக்கிறார். நேற்று, அல்சேஷன்தான் சொன்ன பேச்சு கேட்குமாம். இன்று, ஜெர்மன் ஷெப்பர்டுக்குத்தான் ரோஷம் அதிகமாம்.

"ஏங்க, எது நல்லா குலைக்கும்?"

"ரெண்டுமே குலைக்கும்."

"அப்ப எதையாவது ஒண்ணைக் கொண்டாந்து கட்டுங்களேன்!"

"அவசரப்படாதடி. வருஷக்கணக்கா கூட இருக்கப்போற ஜீவன்."

என்னைப் பெண் பார்க்க வந்தபோது பஜ்ஜி தின்று முடிப்பதற்குள் சரி சொன்ன ஆள்.

ஜூலை 12, ஞாயிறு

ஆஸ்டின் டவுனில் யாரோ குட்டிகள் விற்கிறார்களாம். போனார், வெறுங்கையோடு வந்தார். "காது தொங்குதுடி. எது என்னன்னே புரியலை."

கோபம். ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டேன், வேண்டுமென்று இல்லை. குடித்துவிட்டு நல்லா இருக்கு என்றார்.

பயம் என்னுடையதுதானே. இவருக்கு எல்லாம் விளையாட்டு. அதை நினைத்தால்தான் அழுகை வருகிறது.

ஜூலை 15, புதன்

நல்ல வெயில். தலையணை உறை, போர்வை எல்லாம் காய்ந்தது.

ஜெயம்மாவின் பசுவுக்கு மடி வீக்கம், மாட்டு டாக்டர் வந்தார். விடுவேனா, சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே கேட்டேன். அல்சேஷன் நல்லதா, ஜெர்மன் ஷெப்பர்ட் நல்லதா?

டாக்டருக்குச் சிரிப்பு. "தயிர் வேணுமா, கன்னடத்துக்காரங்க சொல்ற மொசரு வேணுமான்னு கேக்கறீங்களேம்மா. ரெண்டும் ஒரே நாய். பேருதான் ரெண்டு."

"அய்யோ சிவனே!" ஜெயம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "இதுக்கா இத்தனை நாளா யோசனை?"

"இவருக்கு அதுகூடத் தெரியலை பாருங்க ஜெயம்மா."

"இரு, நம்ம மனெயவர்கிட்ட சொல்றேன்." அவள் வீட்டுக்காரர்தான் இவருக்கு ஷிப்ட் இன்சார்ஜ்.

"தாராளமா சொல்லுங்க," என்றேன். ரொம்ப நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தேன்.

ஜூலை 16, வியாழன்

வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். திங்களிலிருந்து நைட் ஷிப்ட்.

"வீட்டுல தனியா இருக்கா, நாய் வர்ற வரைக்கும் பகல் ஷிப்ட் குடுங்க சார்னு இன்சார்ஜ்கிட்ட கேட்டிருந்தேன். குட்டி கிடைச்சுதான்னு தினம் கேப்பாரு. எந்த ஜாதின்னு குழப்பமா இருக்கு சார்னு ஓட்டிக்கிட்டிருந்தேன். இன்னிக்கு எல்லார் முன்னாடியும் கூப்பிட்டுச் சிரிச்சாரு."

"ரெண்டும் ஒண்ணுன்னு உங்களுக்கு..."

"மொதல்லயே தெரியும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"உன் வாய் எனக்குத் தெரியாதா."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. திட்டவில்லை. என் வாயில் கொள்ளியை வைக்க.

ஜூலை 19, ஞாயிறு

குட்டி வந்தாயிற்று. உரித்த தேங்காய் அளவு. குலைக்கவில்லை, முனகுகிறது. அட்டைப்பெட்டி, பழைய துண்டு, ஒரு கிண்ணம். இதை நான்தான் காவல் காக்க வேண்டும்.

இவர் பின்கதவில் இரண்டாவது தாழ்ப்பாள் அடித்தார். ஸ்க்ரூவை வாயில் கவ்விக்கொண்டே, "டாபர்மேனா, ராட்வைலரான்னு குழம்பியிருக்கணும்டி. அது நெஜமாவே ரெண்டு."

சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகை.

ஜூலை 20, திங்கள்

மறுபடி தூறல். டிபன் கட்டியாச்சு, சப்பாத்தியும் உருளைக்கிழங்கும். குட்டிக்குப் பால். டார்ச் தலைமாட்டில்.

இவர் கிளம்பிவிட்டார். வாசலில் ஸ்கூட்டரை உதைக்கிறார். இன்னும் உதைத்துக்கொண்டே இருக்கிறார். போன வாரம்தான் மெக்கானிக் பார்த்துக் கொடுத்த வண்டி. மத்தியானம் கடைக்குப் போகும்போது ஒரே உதையில் கிளம்பியது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஜெயம்மா குரல். "ஏனாயித்து? வண்டி கிளம்பலையா?"

"பழைய வண்டி ஜெயம்மா," என்று உள்ளிருந்தே கத்தினேன். "மழை பேஞ்சா இப்படித்தான்."