இடது தோளுக்கு ஒரு இரட்டைக்குழல்

அன்புக்குரிய கௌரிக்கு,

செவன் கிங்ஸ் வீட்டில் எல்லாம் வழமைபோலத்தான். படிக்குக் கீழே சுவரோடு நீர் இறுக்கிப் பூட்டுவித்த இரும்பு அலுமாரிக்குள் இப்போது அயன் பண்ணுகிற பலகை நிற்கிறது. துவக்கு, அதுதான் நீர் வாங்கின இரட்டைக்குழல் துப்பாக்கி, போய்விட்டது. அது போன கதையைச் சொல்லத்தான் எழுதுகிறேன். வேறு ஆட்களும் வாசிப்பார்கள் என்பதால் உமக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளும்.

வன்னியில் பிறந்த பெண்ணுக்கு லண்டனில் துவக்கு எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. லைசென்ஸ் விஷயமாக வந்த பொலிஸ்காரருக்கும் அதே யோசனைதான். நீர் அவருக்கு வடையும் தேத்தண்ணியும் கொடுத்து, உங்கள் வீட்டு நெல்வயலில் பன்றி விரட்டின கதையைச் சொல்லி அனுப்பினீர். படிவத்தில் கையெழுத்துப் போட்ட மதுரை டொக்டர் என்னைப் பார்த்து, "ஆமா, நல்லவங்கன்னு எழுதிட்டேன். இனிமே நீங்கதான் சார் ஜாக்கிரதையா இருக்கணும்" என்றார். நான் ஒரு கணக்காளன். ஜாக்கிரதையாகத்தான் இருந்தேன்.

துவக்குக் கடையில் வயதான கடைக்காரர் முதலில் என்னிடம்தான் பேசினார். நீர் ஒன்றை எடுத்து மடித்துத் திறந்து, யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்து இரண்டு குழலுக்குள்ளும் பார்த்து, "உள்ளுக்குக் கறள் தின்றிருக்கு" என்று திருப்பி வைத்தீர். நீர் துருவைக் கண்டுபிடித்த பிறகு அவர் என்னுடன் பேசுவதை நிறுத்திவிட்டார். நான்காவதாக எடுத்தது உமக்குப் பிடித்தது. பக்கம் பக்கமாக இரண்டு குழல், இரண்டு விசை, தூக்கி நடக்கப் பாரமில்லாதது.

மரப்பிடியை எந்தத் தோளுக்கு வளைக்கவேண்டும் என்று அவர் கேட்டார். இடது என்றீர். வலக்கையால் சமைத்து வலக்கையால் எழுதி வலக்கையால் என்னை அதட்டுகிற மனுசி இடது என்கிறாவே என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு என்னையே பிடித்து நிறுத்தி, முழங்கையை மடக்கி, பிடியின் நீளத்துக்கு அளவும் எடுப்பித்தீர்.

காருக்குள் ஏறியதும் கேட்டேன்.

"இது அண்ணைக்கு" என்றீர். "கனடாவிலை இப்ப காட்டு வான்கோழி வேட்டைக்குப் போறாராம். அண்ணி சொன்னவ. அவருக்குச் சோறு வலக்கை, துவக்கு இடக்கை. உயரமும் உங்கடை உயரம்தான்."

மிச்சத்தை இல்ஃபோர்ட் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது சொன்னீர். எண்பதுகளின் நடுவில், வீடு வீடாக லைசென்ஸ் துவக்குகளைச் சேர்த்துக்கொண்டு போன இயக்கக்காரர்கள் உங்கள் வீட்டுக்கும் வந்தார்களாம். அண்ணை வயலுக்குப் போயிருந்தாராம். நீரே துவக்கை எடுத்துக் கொடுத்துவிட்டீராம். விரட்டத் துவக்கில்லாமல் அந்தப் போகத்து நெல் முழுவதையும் பன்றி தின்றது. "வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாமே" என்று சொன்னதோடு அண்ணை உம்முடன் பேச்சை விட்டார். கனடாவிலிருந்து ரெலிபோன் எடுத்தாலும் என்னிடம்தான் கேட்பார், அவ சுகமோ என்று. நீர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பீர். அந்தத் துவக்கைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பதுதான் உமது எண்ணம்.

வான்கோழியைப் பற்றி லைப்ரரியில் புத்தகம் எடுத்துப் படித்தீர். மரத்தோடு சாய்ந்து அசையாமல் இருந்து, பேடு மாதிரிக் குரல் கொடுத்து, சேவலை வரவழைக்கவேண்டுமாம். ஒரே வெடி, தலைக்கும் கழுத்துக்கும். சேவல் கிட்ட வருமோ எட்ட நிற்குமோ சொல்ல ஏலாது. அதனால் ஒரு குழலின் வாய் கொஞ்சம் அகலம், மற்றதன் வாய் ஒடுக்கம். ஒடுங்கினதில் ஈயச் சன்னம் சிதறி விரியாமல் தூரம் போகும். முன் விசை கிட்டத்துக்கு, பின் விசை தூரத்துக்கு. பளபளப்பைப் பறவை கண்டுவிடும் என்று குழலுக்கு மங்கல் நிற ஒட்டுநாடா சுற்றினீர்.

எசெக்ஸ் பக்கத்துக் குறிசுடுகிற கிளப்பில், கடைக்காரக் கலண்டரின் பின்பக்கத்தில் வான்கோழித் தலைப் படம் கீறி மாட்டி, இடது தோளில் வைத்துச் சுட்டுப் பார்த்தீர். தலை கொஞ்சம் எங்கள் ஒன்றுவிட்ட மாமாவின் சாயல். இரண்டு குழலும் ஒரே இடத்தில் அடிக்கும்வரை நீர் விடவில்லை. நாலு கிழமை உமது தோள் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. "அளவாய் வந்திட்டுது, வாற மாசம் அனுப்புவம்" என்றீர்.

அந்த வாற மாசத்தில் நீர் ஆஸ்பத்திரியில் இருந்தீர். அதற்கு அடுத்த மாசத்தில் இல்லை. இதைவிட நீட்டி எழுத எனக்கு வராது, கௌரி. வீடு பெரிய வீடாகப் போய்விட்டது, அவ்வளவுதான்.

லைசென்ஸ் இல்லாத நான் துவக்கை வைத்திருக்க ஏலாது. பொலிஸ் சொன்னபடி கடைக்காரரே வந்து எடுத்துப்போனார். விற்றுத் தரட்டுமா என்றார். அண்ணை போய் எடுக்கக்கூடியதாக ரொறொன்ரோவில் ஒரு துவக்குக் கடையின் பெயரைக் கொடுத்து அங்கே அனுப்பச் சொன்னேன். உறைக்குள் நீர் கீறின கலண்டர் தாளையும் மடித்து வைத்தேன். ஓட்டை ஓட்டையாக இருந்தது.

கிடைத்தது என்று அண்ணி சொன்னா. அண்ணையிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. நாங்கள் பிழை விட்டுவிட்டோம் என்றே நினைத்தேன். போன ஞாயிறு பின்னேரம் ரெலிபோன் எடுத்தார்.

"மச்சான், துவக்கு தோளிலை தானாய் வந்து இருக்குது. அளவு ஆர் குடுத்தது?"

"கௌரிதான். என்னை நிப்பாட்டி அளந்தவ."

பிறகு கேட்டார். "அண்டைக்கு நடந்ததைப் பற்றி உங்களுக்கு என்ன சொன்னவள்?"

"நீங்கள் வயலுக்குப் போயிருந்தியள், தான்தான் துவக்கைக் குடுத்தது எண்டு."

"நான் வயலுக்குப் போகேல்லை. அறைக்குள்ளை, நெல்லு மூட்டையளுக்குப் பின்னாலை ஒளிச்சு நிண்டனான். வந்தவங்கள் என்னையும் கூட்டிக்கொண்டு போக எங்கை எண்டு கேட்டவங்கள். அண்ணை வயலிலை எண்டு சொல்லிப்போட்டு ஓடிப்போய்த் துவக்கை எடுத்துக் குடுத்தாள். குடுத்தபடியால்தான் உள்ளுக்கு வராமல் போனவங்கள். அதுக்குப் பேந்து அவளின்ரை முகத்தைப் பாக்க ஏலேல்லை, மச்சான். ஏசிப்போட்டு விலகிறது லேசாய் இருந்தது."

அவர் அழுதார். அழுகை நிற்கும்வரை ரெலிபோனைக் காதோடு பிடித்திருந்தேன்.

பிறகு அதைக் கேட்டார். "நான் உள்ளை நிண்டது அவளுக்குத் தெரியுமோ?"

யோசிச்சுச் சொல்லுறன் என்றேன். கணக்குத் தணிக்கைக்கு வந்த ஓடிற்றர் கேள்வி கேட்டதுபோலப் பதில் சொல்லியிருக்கிறேன். ஆனால் எனக்குத் தெரியவில்லையே. வயலில்தான் நிற்கிறார் என்று நம்பிச் சொன்னீரா, உள்ளே நிற்பது தெரிந்து மறைத்துச் சொன்னீரா? என்னிடமும் வயல் என்றுதானே சொன்னீர். பதினாறு வருசம் உம்மோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன்.

வாற வசந்தத்தில் தன்னோடு காட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார். போகிறேன். மரத்தோடு சாய்ந்து பேசாமல் இருப்பது எனக்கு ஒன்றும் புதிசில்லை. அவர் அதைத் திரும்பக் கேட்பார். கௌரிக்கு எல்லாம் தெரியும், தெரிந்தேதான் துவக்கைக் கொடுத்தா என்று சொல்லப்போகிறேன், இது உமக்குத் தருகிற வாக்கு. அது பொய்யாக இருந்தால் இந்த ஒருமுறை எனக்காக ஒத்துக்கொள்ளும்.

உமது கணவனும்
உமது அண்ணைக்கு மச்சானுமான,
பரா