ஜன்னலுக்கு நேரே ஒரு குளம்

பிப்ரவரி 9

நாள் முழுக்க மருந்துக்கடையில் நின்றுவிட்டு வந்தேன். கால் இரண்டும் என்னுடையவை இல்லை. வந்ததும் வீட்டுக்காரரைத் துடைத்து, உடை மாற்றி, சூப் ஊட்டினேன். உப்பே போடவில்லை என்பது நான் குடிக்கும்போதுதான் தெரிந்தது. எப்படி இருக்கு என்று கேட்டேனே, "சரி" என்றாரே!

பேருந்துப் பணிமனையில் பரிசோதகராக இருந்த மனுஷன். அவர் தலையாட்டாமல் ஒரு வண்டி வாசலைத் தாண்டாது. வீட்டிலும் அதே கதைதான். துண்டு மடித்தது கோணல், கதவு கிறீச்சிடுகிறது, டீயில் சூடு பத்தாது. வாயைத் திறந்தால் நொட்டை. எத்தனை நாள் பல்லைக் கடித்திருப்பேன். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரே சொல் – சரி. கேட்டாலே எனக்குப் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 12

உடற்பயிற்சி கொடுக்க வருகிற பெண் என்னைத் தனியே கூப்பிட்டாள். உடம்பு ஒத்துழைக்கிறதாம், மனசுதான் இல்லையாம். சக்கர நாற்காலி என்றாலே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். இப்படியே கிடந்தால் கால் மடங்கி இறுகிவிடும், அப்புறம் யார் நினைத்தாலும் எழுப்ப முடியாது என்றாள். பார்ப்பதற்கு ஏதாவது அசைகிற மாதிரி இருந்தால் நல்லதாம். டிவி போட்டால் கண்ணை மூடிக்கொள்கிறாரே, நான் என்ன செய்ய?

பிப்ரவரி 15

கட்டிலை ஒட்டி ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே கொல்லை – ஒரு துவைக்கிற கல், காய்ந்த புல். அங்கே சின்னதாக ஒரு குளம் வெட்டினால்? மீன் விடலாம். குருவி குளிக்க வரும்.

அவரிடம் சொன்னேன். "சரி."

பிப்ரவரி 22

தம்பி மண்வெட்டியோடு வந்தான். வெட்டியதைவிடப் பேசியது அதிகம். பக்கத்து வீட்டம்மா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, கழிவுநீர்த் தொட்டியா என்று கேட்டாள். ஆமாம், அதில்தான் மீன் வளர்க்கப் போகிறோம் என்றான் இவன். அந்தம்மா அதற்கப்புறம் எட்டிப் பார்க்கவில்லை.

மார்ச் 1

தம்பி வரவில்லை. நானே வெட்டினேன். ஒரு அடிக்குக் கீழே வெறும் கல். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன். இருக்கிற வேலை போதாதா எனக்கு?

மார்ச் 8

குழி தயார். பழைய சாக்கை அடியில் பரப்பி, அதன்மேல் கறுப்பு விரிப்பைப் போட்டோம். ஓரம் சமமாக இருக்கிறதா என்று வைத்துப் பார்க்க எங்காவது ரசமட்டம் இரவல் வாங்கி வா என்றேன். கண்ணளவு போதும்க்கா என்றான் தம்பி. எனக்கும் அலுப்பு. விட்டுவிட்டேன்.

மார்ச் 15

தண்ணீர் நிரப்பினோம். வலது பக்கம் வழிகிறது, இடது பக்கம் நாலு விரல் அளவுக்குக் கறுப்பு விரிப்பு பல்லிளிக்கிறது. தம்பி ஒரு பூந்தொட்டியை அங்கே நகர்த்தி வைத்துவிட்டு, தீர்ந்தது வேலை என்று கையைத் தட்டிக்கொண்டான்.

மார்ச் 19

நாலு சின்ன மீன் விட்டேன். ஜன்னலை அகலத் திறந்து, அவரை அந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைத்தேன். தெரிகிறதா என்று கேட்டதற்கு "சரி" என்றார். வேலைக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு ஒரே சந்தோஷம்.

மார்ச் 21

இடுப்பு விண் விண் என்று தெறித்தது. வேலையிலிருந்து வந்தவள் அப்படியே அவர் பக்கத்தில் கட்டிலில் சாய்ந்தேன். அவர் விழுந்ததிலிருந்து எனக்குக் கீழே பாய்தான். அந்தத் தலையணையில் தலை வைத்து எவ்வளவோ நாளாயிற்று. ஜன்னலைப் பார்த்தேன்.

மதிலின் மேல்விளிம்பு. துணிக்கொடி. வானம். அவ்வளவுதான். குளம் இல்லை. கழுத்தை நீட்டிப் பார்த்தேன் – இல்லை. இத்தனை நாளும் நான் நின்றுகொண்டே பார்த்திருக்கிறேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை படுத்துப் பாக்கணும்னு தோணலையே எனக்கு!

"இங்கேருந்து தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

எச்சிலை விழுங்கினார். வாய் கோணிக்கொண்டு மெதுவாக வந்தது. "சொல்லி?"

சொல்லியா? நான் மண்ணு அள்ளுற சத்தம் கேட்டுக்கிட்டேதானே கெடந்தீங்க? யாருக்காக அள்ளினேன்? கேட்கவில்லை. எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவர் போய்விட்டார், உடம்பை மட்டும்தான் நான் துடைத்துக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது.

மார்ச் 22

சமைத்தேன், துடைத்தேன், உடை மாற்றினேன். பேசவில்லை.

மார்ச் 24

லீவு. படுக்கை விரிப்பை மாற்றும்போது இடது கையால் என் கையைப் பிடித்தார். உள்ளங்கையில் கொப்புளம் காய்ந்து தோல் உரிந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "உக்கார வை" என்றார்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. பயிற்சிப் பெண் வரும்வரை அவர் மனசு மாறக் கூடாதே என்று தவித்தேன். அவளும் தம்பியும் தூக்கி நாற்காலியில் வைத்தார்கள். அவருக்கு முகமெல்லாம் வேர்வை. கொல்லைக் கதவுவரை தள்ளிக்கொண்டு போனோம். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மீன் அவர் கண்ணில் பட்ட மாதிரியே தெரியவில்லை.

"கோணல்."

"என்னதுங்க?"

"அந்தப் பக்கம்… தூக்கியிருக்கு. தொட்டிய வச்சா… மறைஞ்சிடுமா?"

தம்பி மெல்ல நழுவினான். நான் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவர் சும்மாதான் சொல்றாரும்மா, மனசுல வச்சுக்காதீங்க என்று அந்தப் பெண் என்னைத் தேற்றினாள். அவளுக்கு என்ன தெரியும், பாவம்.

ஏப்ரல் 5

மீன் வாளியில். தண்ணீரை இறைத்தாயிற்று. இடது ஓரத்தை வெட்டித் தாழ்த்தினேன். அவர் கொல்லைக் கதவருகே நாற்காலியில், மடியில் தம்பி கொண்டுவந்த ரசமட்டம். இன்னும் கொஞ்சம் எடு என்றார். எடுத்தேன். அதிகமாப் போச்சு, மண்ணைப் போடு என்றார். போட்டேன். மறுபடி எடு என்றார். மண்வெட்டியை வீசினேன்.

"நீங்களே வந்து வெட்டிக்குங்க!"

விறுவிறுவென்று சமையலறைக்கு வந்துவிட்டேன். அவர் விழுந்ததற்கப்புறம் ஒரு தடவைகூட அவர்மேல் நான் சத்தம் போட்டதில்லை. நோயாளியிடம் எப்படிப் போடுவது? உள்ளே அவ்வளவு கோபமும் அப்படியே இருந்திருக்கிறது.

சக்கரம் அரைக்கிற சத்தம் கேட்டது. கதவு நிலையில் டொக் என்று ஒரு இடி. பின்னால் போகிற சத்தம். மறுபடி இடி. ஒரு கை, ஒரு காலை வைத்துக்கொண்டு தானே தள்ளுகிறார். ஓடிப்போய்ப் பிடிக்கலாமா? போகவில்லை. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சமையலறை வாசல்வரை வந்துவிட்டார். மூச்சு வாங்கியது.

"கோவமா?"

கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கேள்வியை அவர் கேட்டதே இல்லை.

"ஆமா," என்றேன். டீக்குத் தண்ணீர் வைத்தேன்.