ஓயாட்டம்

பிஷ்கெக்,
3 அக்டோபர் 1996

அன்புத் தங்கை புருலுக்கு,

நலம். நீயும் மாப்பிள்ளை இஷெனும் மூன்று பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். பஸ் டிரைவரிடம் நீ கொடுத்தனுப்பிய காய்ந்த தயிர் உருண்டைகள் வந்தன. வழியில் பாதியை அவன் தின்றிருப்பான். மீதி போதும், என் பல்லும் பழையபடி இல்லை.

எனக்கு ஒரு புது வேலை வந்திருக்கிறது. நரம்பு நோய்களுக்கெல்லாம் நம் கிர்கிஸ் மொழியில் பெயர் வைத்து அகராதி போட வேண்டுமாம். சோவியத்திலிருந்து நாடு தனியாகிவிட்ட பிறகும் நோய்கள் மட்டும் ருஷ்ய மொழியிலும் லத்தீனிலும் இருக்கலாமா என்று மேலே கேட்கிறார்கள். குழுவில் ஏழு பேர். மூளைத்தண்டுக்குப் பெயர் வைக்க நேற்று மூன்று மணி நேரம் சண்டை. ஒரு பெரியவர் ஒற்றைத் தலைவலிக்கு ஆறு சொல்லில் பெயர் கொண்டுவந்தார். "நோயாளி இதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள தலைவலியே போயிடும், ஐயா" என்றேன். அவர் இப்போது என்னோடு பேசுவதில்லை.

நீ பள்ளியில் மொழி சொல்லித்தருகிறவள். கால் மரத்துப்போவது, வாய் கோணுவது, வலிப்பு, இதற்கெல்லாம் மேய்ச்சல்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று விசாரித்து எழுது.

உன் அண்ணன்
மெதர்


அத்-பாஷி,
20 அக்டோபர் 1996

மரியாதைக்குரிய அண்ணாவுக்கு,

சொந்தத் தங்கைக்கு டைப் அடித்துக் கடிதம் போடுகிற அண்ணன் இந்தப் பள்ளத்தாக்கிலேயே எனக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறார். பென்ஷன் ஆபீசிலிருந்து ஏதோ வந்துவிட்டது என்று பயந்தே போனேன். நாலு வரி கையால் எழுதினால் குறைந்தா போய்விடுவீர்கள்?

நீங்கள் கேட்ட சொற்கள் இதோ. வாய் கோணினால் இங்கே "காத்து அறைஞ்சிடுச்சு" என்பார்கள். கால் மரத்தால் "எறும்பு ஏறுது". மூளையில் நீர்க்கட்டி வந்து ஒரே இடத்தில் வட்டமடிக்கும் செம்மறிக்கு "சுத்துக் கிறுக்கு" என்று பெயர். இதைச் சொன்ன மேய்ப்பர், "டாக்டர் அண்ணன்கிட்ட சொல்லும்மா, இந்தப் பேரை மனுசனுக்கும் வைக்கலாம். எங்க பண்ணைத் தலைவருக்கே வைக்கலாம்" என்றார்.

என் குறை பழைய குறைதான். உங்களுக்கு நாற்பத்தைந்து ஆகிறது. வருஷா வருஷம் நானும் கேட்கிறேன், நீங்களும் மழுப்புகிறீர்கள். இங்கே ஒரு விதவை இருக்கிறாள், நல்ல குணம். சரி என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். அப்பாவின் பேர் சொல்ல உங்களுக்கு ஒரு பிள்ளை வேண்டாமா? இவ்வளவு சுயநலம் ஆகாது, அண்ணா.

உங்கள் அன்புத் தங்கை
புருல்


பிஷ்கெக்,
14 ஜனவரி 1997

அன்புத் தங்கைக்கு,

"சுத்துக் கிறுக்கு" குழுவில் ஒரே குரலில் ஏற்கப்பட்டது. மேய்ப்பருக்கு என் வணக்கத்தைச் சொல்.

ஆஸ்பத்திரியில் எழுதி எழுதி என் கை ஓய்ந்துவிட்டது, அதனால்தான் டைப். கோபித்துக்கொள்ளாதே. அந்த விதவைக்கு என்னைவிட நல்லவன் கிடைக்கட்டும்.

இன்னொரு சொல் வேண்டும். கை, தோள், முகம் எல்லாம் தானாக ஆடும். இது நடுக்கமில்லை, நடுக்கம் சீராக வரும். இது எப்போது எந்தப் பக்கம் இழுக்கும் என்று தெரியாது. நடை தள்ளாடும். தூங்கினால் பெரும்பாலும் நின்றுவிடும். அதற்கு அங்கே என்ன சொல்வார்கள்? மனதில் பட்டதை அப்படியே எழுது.

மெதர்


அத்-பாஷி,
9 பிப்ரவரி 1997

அண்ணா,

அதற்கு இங்கே இருப்பது ஒரே சொல். குடி.

உங்களுக்குத் தெரியாததா? அப்பாவை ஊர் அப்படித்தானே சொன்னது. அவர் ஓட்டிய லாரியின் சாவியைப் பிடுங்கினார்கள். அம்மா அவரைத் தொழுவத்தில் படுக்கவிட்டாள். நீங்கள் தலைநகரில் படித்துக்கொண்டிருந்தீர்கள், இதெல்லாம் என் தலையில் விடிந்தது. நான் பாட்டில் தேடாத வைக்கோல்போர் கிடையாது. அவர் தூங்கும்போது வாயருகே மூக்கை வைத்து முகர்ந்திருக்கிறேன். ஒரு நாளும் வாடை வந்ததில்லை. ஒளித்துக் குடிப்பதில் இவ்வளவு கெட்டிக்காரரா என்றுதான் நினைத்தேன்.

ஒரே ஒரு நாள் வந்தது, எனக்குத் தோடு போட்டு நிச்சயம் செய்ய இஷென் வீட்டார் வந்த அன்று. சட்டை முழுக்க வோட்கா நாற்றம். எனக்கு உயிரே போய்விட்டது. என் மாமியார்தான், "குடிக்காத ஆம்பளை எங்கடி இருக்கான்? பொண்ணு நல்லாயிருந்தா சரி" என்று சிரித்துத் தோட்டை மாட்டினார். அந்த ஒரு நாளாவது அப்பா பொறுத்திருக்கலாம்.

சாவதற்கு முந்தின நாள் தண்ணீர் கேட்டார். கிண்ணம் கையில் நிற்கவில்லை. "இதுக்குக்கூடவா ஆட்டம்?" என்று பிடுங்கிக்கொண்டேன். பதினெட்டு வருஷம் ஆகியும் அவரை மன்னிக்க முடியவில்லை. இதையா அகராதியில் போடப்போகிறீர்கள்?

நல்ல செய்தியும் உண்டு. நம் மூத்தவள் நுர்ஸாத்தைப் பெண் கேட்டு ஒரு வீட்டார் ஆள் விட்டிருக்கிறார்கள். பையன் தங்கம்.

புருல்


பிஷ்கெக்,
22 நவம்பர் 1997

தங்கைக்கு,

அகராதி வந்துவிட்டது. இதோடு ஒரு பிரதி அனுப்புகிறேன். முன்னுரையைப் படிக்காதே, வீண்பேச்சு. நூற்று நாற்பத்தேழாம் பக்கத்தைப் பார். இருபத்திரண்டு வருஷமாக உனக்கு எழுத நினைத்து எழுதாமல் விட்டது அங்கே இருக்கிறது.

மெதர்


அத்-பாஷி,
11 டிசம்பர் 1997

டாக்டர் ஜூமாலி மகன் மெதர் அவர்களுக்கு,

பார்த்தேன். வகுப்பில் பிள்ளைகளைப் பாடம் எழுதச் சொல்லிவிட்டு, நின்றபடியே படித்தேன். நீங்கள் எழுதியதைத் திருப்பி எழுதுகிறேன், சரியா என்று பாருங்கள்.

"ஓயாட்டம்: மூளையின் ஒரு பகுதி சிறிது சிறிதாக அழிவதால் வரும் நோய். பெரும்பாலும் முப்பது வயதுக்கும் ஐம்பது வயதுக்கும் இடையில் தொடங்கும். உறுப்புகள் தாமாக ஆடும். நடை குடித்தவர் நடைபோல் இருப்பதால் நோயாளியைக் குடிகாரர் என்று தவறாக எண்ணுவதுண்டு. பரம்பரை நோய். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. குணமாக்கும் மருந்து இல்லை."

எனக்குப் பாதி. எனக்கு இருந்தால் என் மூன்று பிள்ளைகளுக்கும் பாதி. நீங்கள் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று இப்போது புரிகிறது. சுயநலம் என்று நான் திட்டியதையெல்லாம் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டீர்கள். உங்களுக்குப் பிள்ளை வேண்டாம் என்று முடிவெடுக்கத் தெரிந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை. நுர்ஸாத் பிறந்தபோது தொட்டில் வாங்கி அனுப்பினீர்களே, எந்த மனதோடு வாங்கினீர்கள்? அவளுக்குப் பிறகும் இரண்டு பெற்றேனே, அப்போது எங்கே போனீர்கள்?

அப்பாவின் வாயை முகர்ந்த என் மூக்கை அறுத்துப்போடலாம் போலிருக்கிறது.

மார்ச்சில் நுர்ஸாத்துக்குத் தோடு போட வருகிறார்கள். ஒன்றே ஒன்றுக்குப் பதில் எழுதுங்கள். எனக்குத் தோடு போட்ட அன்றைக்கு அப்பாவின் சட்டையில் வோட்கா எப்படி வந்தது?

புருல்


பிஷ்கெக்,
4 ஜனவரி 1998

புருல்,

இதைக் கையால் எழுதுகிறேன். எழுத்தைப் பார்த்தாலே நான் ஏன் டைப் அடித்தேன் என்று தெரிந்திருக்கும். எனக்கு ஆரம்பித்து இரண்டு வருஷமாகிறது. உன் கையெழுத்து உருண்டையாக, வரி பிசகாமல் இருக்கிறது. உன் ஒவ்வொரு கடிதத்திலும் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

அந்த வோட்காவை வாங்கியது நான். அப்பாவை எங்கள் பேராசிரியரிடம் காட்டினேன். அவர் நோயாளி அட்டையில் லத்தீனில் இரண்டு சொல் எழுதி, அப்பாவை வெளியே அனுப்பிவிட்டு, "உனக்குத் தங்கச்சி இருக்காளா?" என்று கேட்டார். இரண்டு வாரத்தில் இஷென் வீட்டார் வரவிருந்தார்கள். பெண் எடுக்குமுன் ஏழு தலைமுறையைத் தோண்டிக் கேட்கிற ஊர் நம்முடையது. பஸ்ஸில் திரும்பும்போது அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கணவாய் தாண்டினோம். பிறகு சொன்னார்: "குடிகாரன் பொண்ண எவனும் கட்டுவான். ரத்தத்துல நோய்னு தெரிஞ்சா எவன்டா வருவான்? ஊரு சொல்றபடி நான் குடிகாரனாவே இருந்துட்டுப் போறேன். புருல் கரையேறட்டும். ஒரு பாட்டில் வாங்கு."

ஒரு சொட்டு அவர் வாயில் படவில்லை. அரை டம்ளரைச் சட்டையில் ஊற்றிக்கொண்டு, "மூக்கு எரியுதுடா, இதையா குடிக்கறாங்க?" என்று சிரித்தார். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கினார். கல்யாணம் முடிந்ததும் உனக்குச் சொல்லிவிடலாம் என்று வந்தேன். நீ முழுகாமல் இருந்தாய். அதற்குப் பிறகு எனக்கு இருந்ததெல்லாம் வெறும் கோழைத்தனம், வேறு பேர் இல்லை.

நான் செய்ததை நீ செய்யாதே. தோடு போடுமுன் நுர்ஸாத்திடம் சொல். அவளே முடிவு செய்யட்டும். உன்னால் முடியாவிட்டால் தாய்மாமன் நான் வந்து சொல்கிறேன். அப்பா குடித்ததில்லை என்று ஊரார் முன்னால் ஒருமுறையாவது என் வாயால் சொல்ல வேண்டும்.

உன் அண்ணன்


அத்-பாஷி,
29 மார்ச் 1998

அண்ணா,

சம்பந்தி வீட்டார் வருமுன் அப்பாவைப் புதைத்த இடத்துக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன் என்று வாக்கும் கொடுத்தேன்.

வந்தார்கள். ஆடு அறுத்தோம். பையனின் அம்மா டீக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டே கேட்டார்: "உங்கப்பா வயசாகறதுக்கு முன்னாடியே போயிட்டாராமே, என்ன சீக்கு?" நுர்ஸாத் பக்கத்தில் நின்று அடுத்த கிண்ணத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். நான் அவள் கையைப் பார்த்தேன். டீ அசையவில்லை. இப்போதெல்லாம் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"குடிதாங்க" என்றேன்.

"எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு" என்று சிரித்துவிட்டு, அவர் தோட்டை எடுத்து என் பெண்ணுக்குப் போட்டார்.

கல்யாணம் முடிந்ததும் அவளிடம் சொல்லிவிடுவேன். உங்களுக்கு இது பழக்கமான பேச்சுதான், எனக்கும் தெரிகிறது. உங்களை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற யோக்கியதையும் இனி எனக்கு இல்லை. அகராதியை அடுப்பில் போட்டுவிட்டேன்.

ஆகஸ்டில் கல்யாணம். நீங்கள் வர வேண்டாம். பஸ்ஸிலிருந்து நீங்கள் இறங்கி நடந்து வருவதை இந்த ஊர் பார்க்கக் கூடாது. கடிதமும் வேண்டாம், தபால்காரர் உறையின் மேல் உள்ள உங்கள் கோணல் எழுத்தைப் பார்ப்பார்.

தாய்மாமன் வராமல் எப்படி என்று சம்பந்தி வீட்டார் கேட்டார்கள். அண்ணன் குடியில் விழுந்துவிட்டார் என்றேன். உங்கப்பா மாதிரியா என்று கேட்டார்கள்.

அவரைப் போலவேதான் என்றேன்.

புருல்